லில்லிக்குப் பனிக்காலம் வேண்டும்

ஜூலை நடுப்பகுதியில் எங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற சனம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதையெல்லாம் விண்டருக்கு வீட்டுக்குள்ள எடுத்து வைப்பீங்களோ?" கறிவேப்பிலையையும் மல்லிகையையும் ஒக்டோபர் பிறந்ததும் சட்டியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்து, மே மாதம் மட்டும் ஜன்னலோரம் வைத்துக் காப்பாற்றுகிற ஆட்கள் நாங்கள். நெஞ்சளவு உயரத்தில் நின்று தெருவுக்கே மணக்கிற ஒரு செடி, ஸ்காபரோப் பனிக்குள் வெளியிலேயே கிடக்கும் என்றால் நம்புவது கஷ்டம்தான். "இல்லையக்கா, அது அங்கேயே கிடக்கும்" என்றால், "அப்ப ஒவ்வொரு வருஷமும் புதுசா வாங்கி நடுறதோ?" என்று அடுத்த கேள்வி வரும்.

இரண்டும் இல்லை. ஒருமுறை நட்ட கிழங்கு அங்கேயே கிடந்து, அங்கேயே பெருத்து, வருஷா வருஷம் தானாக வரும். வேலியில் நின்றபடி இதை விளக்கி முடிவதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

லில்லி குளிரைத் தாங்குகிறது என்று சொல்வது அரைவாசி உண்மைதான். அதற்குக் குளிர் தேவை. மண்ணுக்கடியில் சில வாரங்களாவது நல்ல குளிர் கிடைத்தால்தான் அடுத்த கோடையில் தண்டு நீண்டு ஒழுங்காக மொட்டு வைக்கும். ஜனவரி இரவில் வெளியே மைனஸ் 20 என்று ரேடியோ சொல்லும். ஆனால் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில், மேலே பனி தடிப்பாக மூடிக் கிடந்தால், கிழங்கு இருக்கிற இடத்தில் உறைநிலையை ஒட்டிய குளிர்தான் இருக்கும். பனி கொட்டாமல் நிலம் மொட்டையாகக் கிடக்கிற குளிர்தான் ஆபத்து. அதைவிட மோசம் மார்ச் மாதம். பகலில் உருகும், இரவில் உறையும், நிலம் மேலே தூக்கித் தூக்கி இறங்கும், உருகின தண்ணீர் வடிய வழியில்லாமல் அப்படியே தேங்கி நிற்கும். நான் பார்த்தவரையில் கடுங்குளிரால் செத்த லில்லி அரிது. ஈரத்தில் அழுகினதுதான் அதிகம்.

கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். நான் நட்டுக்கொண்டிருந்தபோது மாமி பின்கதவால் எட்டிப் பார்த்து, "உதென்ன பிள்ளை, உள்ளியே நடுறாய்?" என்று கேட்டா. கேட்டதில் பிழையில்லை. தோலை முழுக்க உரித்த ஒரு பெரிய உள்ளி போலத்தான் இருக்கும். நடுவைச் சுற்றி அடுக்கின சதைப்பற்றான செதில்கள், அடியில் வேர்க்குஞ்சம். வெங்காயத்துக்கும் டியூலிப்புக்கும் இருக்கிற காய்ந்த மேற்தோல் இதற்குக் கிடையாது. டியூலிப் கிழங்கைக் கோடை முழுக்கக் கடதாசிப் பையில் போட்டு வைக்கலாம், ஒன்றும் ஆகாது. லில்லிக் கிழங்கு முழு உறக்கத்துக்குப் போவதே இல்லை. காற்றுப் பட்டால் வாடும், ஈரம் நின்றால் அழுகும். ஆகவே வாங்கின கையோடு நட்டுவிட வேண்டும். அடியில் இருக்கிற வேரை 'துப்புரவாக' வெட்டி எடுக்கிற வேலையும் வேண்டாம், அந்த வேர் உயிரோடுதான் இருக்கிறது. கடையில் கிழங்கை அமத்திப் பாருங்கள். கெட்டியாக, வேரோடு இருந்தால் வாங்கலாம். வசந்தம் முடிகிற நேரத்துக் கழிவு விற்பனையில், வெளிறின முளையை நீட்டிக்கொண்டு சுருங்கிக் கிடப்பவற்றை அரை விலைக்குத் தந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு இது தோட்டப் பொருளே இல்லை, சமையல் பொருள். இங்கேயுள்ள சீனக் கடைகளில் மரக்கறிப் பகுதியில் காற்றில்லாப் பையில் அடைத்த வெள்ளை லில்லிக் கிழங்கு கிடக்கும். செதில் செதிலாகப் பிரித்து சூப்பில் போடுவார்கள், செலரியோடு வதக்குவார்கள். அவை சாப்பாட்டுக்கென்றே வளர்க்கிற சில இனங்கள். தோட்டக் கடைக் கிழங்குக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் மருந்து போட்டிருக்கக்கூடும். அதைக் கறிச்சட்டிக்குள் கொண்டுபோக வேண்டாம்.

தண்ணீர் விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். லில்லி என்ன கேட்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ரீகல் லில்லி என்று ஒன்று இருக்கிறது. உள்ளே வெள்ளை, வெளியே ஊதா மண்டின கோடுகள், தொண்டையில் மஞ்சள், பொழுதுபட்டதும் மணம் ஏறும். இங்கிலாந்துக்காரரான ஏர்னஸ்ட் வில்சன் 1903இல் இதைச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கண்டார். செங்குத்தான, கல்லும் பாறையுமான சரிவு. கோடையில் நெருப்பு வெயில், மாரியில் கடும் குளிர். 1910இல் பொஸ்டனில் உள்ள ஆர்னல்ட் தாவரத் தோட்டத்துக்காகக் கிழங்கு சேகரிக்க மறுபடி அங்கே போனபோது, மேலிருந்து சரிந்த கல் விழுந்து அவருடைய கால் முறிந்தது. ஒடுங்கின மலைப்பாதை, எதிரே ஒரு கூட்டம் கோவேறு கழுதைகள் சுமையோடு வருகின்றன, ஒதுங்க இடமில்லை. காலுக்குக் கமராவின் முக்காலியை வைத்துக் கட்டி அவரைப் பாதையிலேயே கிடத்தினார்கள். கழுதைகள் ஒவ்வொன்றாக அவருக்கு மேலால் கால் தூக்கி வைத்துக் கடந்து போயின. ஒன்றுகூட மிதிக்கவில்லை. அந்தப் பயணத்தின் ஆயிரக்கணக்கான கிழங்குகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. வில்சன் மீதிக் காலம் முழுக்க நொண்டியபடிதான் நடந்தார்.

கதையில் என்னைப் பிடித்தது கழுதைகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோட்டக்காரர் கவனிக்க வேண்டியது அந்தச் சரிவை. கல் உருண்டு விழுகிற சரிவில் தண்ணீர் ஒரு நிமிஷமும் நிற்காது. மழை வரும், வேரை நனைக்கும், ஓடிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த கிழங்கைக் கொண்டுவந்து நாங்கள் களிமண்ணுக்குள் புதைக்கிறோம்.

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள புதுக் குடியிருப்புகளில் பல இடங்களில், வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கடைசியில் மெல்லியதாக மண் பரப்பி அதற்குமேல் புல்லைச் சுருள் சுருளாக விரித்திருப்பார்கள். ஒரு சாண் தோண்டினால் மண்வெட்டியில் ஒட்டுகிற களி. அதில் குழி வெட்டி, குழிக்குள் மட்டும் நல்ல மண்ணை நிரப்புவதால் பிரயோசனம் இல்லை. சுற்றிவர உள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள்தான் வந்து இறங்கும். களியோடு ஆற்று மணலைக் கலப்பதும் வேண்டாம், காய்ந்தால் இறுகிப் போகும். பாத்தியையே ஒரு முழம் உயர்த்துங்கள். கூட்டெரு, மக்கின இலை, கொஞ்சம் பரும் சரளை, இருக்கிற மண், எல்லாம் கலந்து உயர்த்தினால் தண்ணீர் தன்பாட்டில் பக்கத்தால் இறங்கிவிடும். கூரைத் தண்ணீர் வந்து விழுகிற குழாய்க்குப் பக்கத்தில் லில்லி நடவே கூடாது. வளவில் இயற்கையாகவே சரிவு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஆழம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பெரிய கிழங்கென்றால் அதன் தலைக்குமேல் 15 சென்ரிமீற்றர் மண் இருக்க வேண்டும். டியூலிப்புக்கும் ஏறத்தாழ அதே ஆழம்தான், ஆனால் காரணம் வேறு. லில்லி இரண்டு இடத்தில் வேர் விடும். கிழங்கின் அடியில் ஒன்று, கிழங்குக்கு மேலே மண்ணுக்குள் புதைந்திருக்கிற தண்டில் இன்னொன்று. கோடையில் செடிக்குச் சத்தை இழுத்துக் கொடுப்பதில் இந்தத் தண்டு வேருக்குப் பெரிய பங்கு. ஆழமில்லாமல் நட்டால் தண்டு வேர் ஓட இடமிருக்காது, ஓகஸ்டில் ஒரு காற்றடித்தால் செடி படுத்துவிடும்.

இதற்கு ஒரேயொரு பெரிய விதிவிலக்கு மடோனா லில்லி. அதை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் மேலோட்டமாக, ஓகஸ்டிலேயே நட வேண்டும். இலையுதிர் காலத்தில் நிலத்தோடு ஒட்டி இலை விட்டு, அந்த இலையோடேயே பனிக்குள் போகும். இந்த லில்லி 1963இலிருந்து கியூபெக்கின் மாகாணப் பூவாக இருந்தது. மத்தியதரைக் கடல் பக்கத்துப் பூ எப்படி எங்கள் அடையாளம் ஆகும் என்று பல காலம் முணுமுணுத்து, 1999இல் அங்கேயே சதுப்பில் வளர்கிற நீல ஐரிஸை அந்த இடத்தில் வைத்தார்கள். சஸ்கச்சுவானுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அவர்கள் 1941இலேயே தங்கள் புல்வெளியில் தானாகப் பூக்கிற செந்நிறக் காட்டு லில்லியைத் தேர்ந்துகொண்டார்கள். மாகாணக் கொடியிலும் அதுதான் இருக்கிறது. நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிற பூ. வீதியோரம் கண்டால் கிண்டி எடுக்க ஆசை வரும். அங்கே அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, தொடவேண்டாம்.

மற்ற லில்லிகளை நடச் சரியான காலம் செப்டெம்பர் கடைசியிலிருந்து நிலம் இறுகும் மட்டும். நட்டதும் மூடாக்குப் போட அவசரப்பட வேண்டாம். நிலம் மேலே உறைந்த பிறகு போட்டால்தான் உறைந்தது உறைந்தபடி இருக்கும், வயல் எலி வந்து குடியேறவும் வாய்ப்புக் குறைவு. அணில்தான் பெரிய தொல்லை. புதிதாகக் கிண்டின மண்ணைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. பாத்திக்கு மேல் கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்துக் கல் வைத்துவிட்டால் போதும், மண் இறுகினதும் எடுத்துவிடலாம்.

எந்த வகை வாங்குவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். படத்தைப் பார்த்து வாங்கினால் அநேகமாக ஸ்டார்கேசர்தான் வீட்டுக்கு வரும். ஓரியன்டல் இனம், கடும் றோஸ் நிறம், வெள்ளை ஓரம், ஒரு பூவே அறையை நிரப்பும். அழகில்லை என்று யார் சொன்னது? ஆனால் அது கொஞ்சம் புளிப்பான மண்ணைக் கேட்கிற செடி. தென் ஒன்ராறியோவில் அடியில் சுண்ணாம்புக்கல், மண்ணும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். முதல் வருஷம் கிழங்குக்குள் இருந்த சேமிப்பில் அமோகமாகப் பூத்து, அடுத்த வருஷம் மெலிந்து, பிறகு காணாமல் போகும். என்னைக் கேட்டால் அது பூக்கடைப் பூ. பூச்சாடியில் வாங்கி வைத்து ரசித்துவிட்டுப் போகலாம்.

உண்மையில் வலுவானவை ஏசியாட்டிக் லில்லிகள். கனடாவின் குளிர் வலய வரைபடத்தில் ரொறன்ரோப் பக்கம் ஏறத்தாழ 6, ஒட்டாவா 5, வின்னிபெக்கும் எட்மன்டனும் 3, 4. இந்த எண் குறையக் குறையக் குளிர் கூடும். ஏசியாட்டிக் வகைகள் 3இலும் கவலையில்லாமல் வரும். மணம் இல்லை என்பது ஒரு குறை. ஜூன் கடைசியில் பூக்கத் தொடங்கும், செம்மஞ்சள், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பல நிறத்திலும் உண்டு.

இந்த வலுவுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இசபெல்லா பிரெஸ்டன். 1881இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிறந்து, 1912இல் தமக்கையோடு ஒன்ராறியோவின் குவெல்ஃப் நகரத்துக்கு வந்தவர். அங்கே வேளாண் கல்லூரியில் சேர்ந்தார், ஆனால் வகுப்பறையை விடச் செடிகளுக்கு நடுவில்தான் அதிகம் கற்றார். ரீகல் லில்லியையும் அதன் உறவான இன்னொரு சீன லில்லியையும் சேர்த்து அவர் உருவாக்கின பெரிய வெள்ளை லில்லிக்குக் கல்லூரித் தலைவரின் பெயரை வைத்தார்கள்: 'ஜோர்ஜ் சி. கிரீல்மன்'. 1920இல் ஒட்டாவாவில் மத்திய பரிசோதனைப் பண்ணைக்குப் போனார். வேலைக்கு எடுத்தது தினக்கூலியாக. இரண்டு வருஷத்துக்குள் அலங்காரச் செடிகளுக்கான நிபுணர் என்ற பதவி அவர் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற 1946 வரை அங்கேதான்.

ஒட்டாவாக் குளிரில் தாங்கும் லில்லி வேண்டும் என்பதுதான் அங்கே அவருடைய வேலை. 1930களில் அவர் வெளியிட்ட ஒரு வரிசை லில்லிகளுக்குப் பெயர் தேட அவர் தூரம் போகவில்லை. பண்ணை அலுவலகத்தில் வேலை செய்த சுருக்கெழுத்துப் பெண்களின் பெயர்களை வைத்தார். பிரெண்டா வாட்ஸ், லிலியன் கமிங்ஸ், கிரேஸ் மார்ஷல், எட்னா கீன் என்று. இன்றைக்கும் அந்த வரிசைக்கு 'ஸ்டெனோகிராபர் லில்லிகள்' என்றே பெயர். பிறகு யுத்தம் வந்தது. அடுத்த வரிசைக்கு ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்று போர் விமானங்களின் பெயர். கடிதம் தட்டச்சு செய்த பெண்களையும் சண்டைக்குப் பறந்த விமானங்களையும் ஒரே பாத்தியில் நட்டவர் அவர். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன் என்ற பேராசிரியர் பிரெஸ்டனின் செடிகளோடு மெல்லிய இலைகொண்ட ஒரு கொரிய லில்லியைச் சேர்த்து, அதுவரை அந்தக் குளிருக்குள் இல்லாத றோஸ், வெள்ளை நிறங்களைக் கொண்டுவந்தார். கடைகளில் ஏசியாட்டிக் என்று படம் போட்டுத் தொங்குகிற பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அலுவலகத்துப் பெண்களின் ஞாபகம்தான் வரும்.

நிழல் வளவென்றால் மார்ட்டகன். மேப்பிள் மரத்தடியில், மற்ற லில்லிகள் சோர்ந்துவிடும் அரை நிழலில், ஒரு தண்டில் பத்து இருபது சின்னப் பூக்கள் இதழைப் பின்னால் சுருட்டிக்கொண்டு தொங்கும். வலயம் 3 அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் இடம் மாற்றினால் கோபிக்கும். நட்ட முதல் வருஷம் மேலே ஒன்றுமே வராமல் இருக்கவும் கூடும். செத்துவிட்டதென்று கிண்டிப் பார்க்க வேண்டாம், அடுத்த வசந்தம் மட்டும் விடுங்கள்.

மணமும் வேண்டும், நிலைத்தும் நிற்க வேண்டும் என்றால் ஓரியன்டலையும் ரீகல் மாதிரியான ட்ரம்பெட் வகையையும் அல்லது அவற்றின் உறவினங்களையும் சேர்த்த கலப்புகளைத் தேடுங்கள். பையில் ஓ.டி. என்றோ ஓரியன்பெட் என்றோ எழுதியிருக்கும். ஸ்டார்கேசரை உருவாக்கின அமெரிக்கரான லெஸ்லி வுட்ரிஃப் அதற்குப் பல வருஷம் முன்பே, 1950களில், 'பிளாக் பியூட்டி' என்ற இப்படியான கலப்பு ஒன்றையும் தந்திருந்தார். கருஞ்சிவப்பு, பின்னால் சுருண்ட இதழ், நடுவில் பச்சை நட்சத்திரம். புகழ் எல்லாம் ஸ்டார்கேசருக்குப் போய்விட்டது. தோட்டத்தில் நின்று பிடிப்பது பிளாக் பியூட்டிதான். சுண்ணாம்பு மண்ணும் அதற்குப் பிரச்சினையில்லை. முதன்முதலாக ஒரே ஒரு லில்லி வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

இடையில் ஒரு சின்ன விலகல். எங்கள் கார்த்திகைப்பூவை இங்கே குளோரியோசா லில்லி என்று விற்கிறார்கள். அது லில்லியம் இனமே இல்லை, உறைபனி அதற்கு ஆகவே ஆகாது. சட்டியில் வைத்துக் கோடையில் பூக்கவிட்டு, கிழங்கை உள்ளே எடுத்து வைக்கத்தான் வேண்டும். வீதியோரத்தில் மண்டிக் கிடக்கிற செம்மஞ்சள் டே லில்லியும் வேறு சாதி. நிலத்திலிருந்து புல்லாக இலை கிளம்பினால் அது டே லில்லி, ஒற்றைத் தண்டைச் சுற்றி இலை அடுக்கியிருந்தால் அசல் லில்லி. தமிழ்நாட்டில் அசல் லில்லியே இல்லையா என்றால், இருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிச் சரிவுகளில் நீண்ட குழாயாக வெள்ளைப் பூ விடுகிற ஒரு லில்லி உண்டு. அதுவும் சரிவில்தான் வளர்கிறது, பாருங்கள்.

லில்லியைத் தனியாகப் பாத்தி கட்டி வரிசையாக நடுவதில் எனக்கு விருப்பமில்லை. பூ முடிந்த பிறகு அது அழகான செடியே இல்லை. அடி இலை மஞ்சளாகும், தண்டு மொட்டையாக நிற்கும். ஆனால் அந்தத் தண்டை வெட்டவும் முடியாது, அடுத்த வருஷப் பூவுக்கான சேமிப்பு அந்த இலைகளால்தான் கிழங்குக்குப் போகிறது. ஆகவே வருஷா வருஷம் தானே வருகிற மற்றச் செடிகளுக்கு நடுவில் மூன்று மூன்றாக நடுங்கள். கிரேன்ஸ்பில் ஜெரேனியம், லேடிஸ் மான்டில், கொஞ்சம் பின்னால் ஃப்ளொக்ஸ். லில்லிக்குத் தலையில் வெயில் வேண்டும், காலில் நிழல் வேண்டும். பக்கத்துச் செடிகள் வேருக்கு நிழல் தரும், மொட்டைத் தண்டையும் மறைக்கும், ஓகஸ்டில் மேலதிகத் தண்ணீரையும் உறிஞ்சி எடுக்கும். கிழங்கை நெரிக்கிற அளவுக்கு வேர் பரப்புகிற புதினா மாதிரியானவற்றை மட்டும் கிட்ட விடாதீர்கள்.

இப்படிக் கலந்து நடுவதில் ஒரு ஆபத்து உண்டு. வசந்தத்தில் லில்லி கொஞ்சம் பிந்தித்தான் தலை காட்டும். ஏப்ரல் உற்சாகத்தில் வெறும் இடம் என்று நினைத்து மண்வெட்டியை இறக்கினால் தீர்ந்தது. ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்துத்தான். நுனி முறிந்தால் பக்கக் கிளை வெடிக்காது, அந்த வருஷம் அந்தத் தண்டில் பூ இல்லை. மிளகாய்ச் செடியின் நுனியைக் கிள்ளிப் பழகின கைக்கு இது புதுப் பாடம். நடும்போதே பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியைக் குத்தி வையுங்கள், உயரமானவற்றுக்குப் பிறகு அதுவே முண்டு.

இனி வண்டு. லில்லி வளர்ப்பதில் பொறுமையைச் சோதிக்கிற ஒரே விஷயம் இதுதான். ஐரோப்பாவிலிருந்து வந்த செந்நிற லில்லி வண்டு 1940களில் மொன்றியலில் முதலில் தென்பட்டது. இப்போது ஒன்ராறியோ முழுக்க உண்டு. பளபளக்கிற சிவப்பு, பார்க்க ஆபரணம். லில்லிக் குருத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிற அதே நேரத்தில் இதுவும் மண்ணிலிருந்து எழும்பும். நீங்கள் கை நீட்டினதும் இலையை விட்டுவிட்டுக் கீழே விழும், அதுவும் மல்லாக்க. வயிறு கறுப்பு, மண்ணோடு மண்ணாகிவிடும், தேடினாலும் கிடைக்காது. அதனால் ஒரு கையில் சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பையைச் செடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தட்ட வேண்டும். காலைக் குளிரில் அவை மந்தமாக இருக்கும், அதுதான் நேரம். கையில் அகப்பட்டதைக் காதருகே பிடித்தால் கீச்சென்று சத்தம் போடும். எங்கள் வீட்டுச் சின்னவர்கள் வண்டு பிடிக்க எழும்பி வருவதே அந்தச் சத்தத்துக்காகத்தான்.

வண்டை விட அதன் புழுதான் நாசகாரன். இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் முட்டைகள் கோடாக ஒட்டியிருக்கும், விரலால் நசுக்கிவிடலாம். விட்டால் பொரித்து வருகிற புழு தன் எச்சத்தையே முதுகில் அப்பிக்கொண்டு திரியும். பறவை கொத்தாது, நீங்களும் தொடமாட்டீர்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு செடியை ஈர்க்காக்கிவிட்டு மண்ணுக்குள் போய்விடும். வீட்டுத் தோட்ட அலங்காரத்துக்கு இரசாயன மருந்தடிப்பதை ஒன்ராறியோ 2009இல் தடை செய்ததிலிருந்து கைதான் முதல் மருந்து. 2010இல் ஒட்டாவாப் பக்கம், இந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற சின்னஞ்சிறு ஐரோப்பியக் குளவியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது மெல்ல மெல்லப் பரவ வேண்டிய வேலை. அதுவரை, ஏசியாட்டிக்கைத்தான் வண்டு முதலில் தேடும், பிளாக் பியூட்டியை அவ்வளவாகச் சீண்டாது என்பதையும் கணக்கில் எடுங்கள். டே லில்லியில் வண்டு இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், அதை அது தின்னாது.

பூனை வளர்க்கிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகாதீர்கள். அசல் லில்லியும் டே லில்லியும் பூனைக்குக் கடும் நஞ்சு. இலையோ பூவோ ஒரு கடி, ரோமத்தில் ஒட்டின மகரந்தத்தை நக்கினது, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தது, எதுவும் போதும். சிறுநீரகம் செயலிழந்துவிடும். சந்தேகம் வந்த உடனேயே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்ற கதை இல்லை. பூனை இருக்கிற வீட்டுக்கு லில்லிப் பூங்கொத்துக் கொண்டுபோவதை நான் விட்டுவிட்டேன்.

பூனை இல்லாத வீட்டிலும் மகரந்தம் ஒரு தொல்லைதான். சுவாமி அறை வெள்ளைத் துணியில் பட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மஞ்சளாக ஊறிப் பிடிக்கும். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். பூ விரிந்த அன்றே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டால் பிரச்சினையே வராது. செடியிலிருந்து பூ வெட்டும்போது தண்டில் மூன்றில் இரண்டு பங்கையாவது இலையோடு விட வேண்டும். வாடின பூவின் அடியில் காய் வைக்க விடாமல் கிள்ளிவிடுங்கள். தண்ணீரை மேலால் தூவாமல் அடியில் விடுங்கள், ஈர இலையில் பழுப்புப் புள்ளி நோய் சுலபமாக ஏறும்.

பெருக்குவது எல்லாவற்றிலும் சுவாரசியமான வேலை. கிழங்கின் வெளிச் செதில்கள் சிலவற்றை அடியோடு முறித்தெடுத்து, ஈரலிப்பான வெர்மிகியூலைட் போட்ட சிப் பையில் இட்டு, சமையலறை அலுமாரிக்குள் இரண்டு மாதம் வையுங்கள். ஒவ்வொரு செதிலின் அடியிலும் கடுகிலிருந்து கடலை அளவு வரை குட்டிக் கிழங்குகள் முளைக்கும். பிறகு அதே பையைக் குளிர்ப்பெட்டிக்குள் மூன்று மாதம். நான் சொன்னேனே, அதற்குக் குளிர் வேண்டும். வசந்தத்தில் நட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் பூ. குளிர்ப்பெட்டியில் வைக்கும்போது பையில் பெயரை எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அது உள்ளிப் பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, மாமி சமைக்கிற நாளில் எனக்கு நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும்.

கடைசியாக, கொண்டோவில் இருக்கிறவர்கள் கேட்பது: பல்கனியில் சட்டியில் வளர்க்கலாமா? கோடையில் தாராளமாக வளர்க்கலாம், ஆழமான, அடியில் ஓட்டையுள்ள பெரிய சட்டி வேண்டும். குளிர்காலத்தில்தான் யோசனை. நிலத்தில் கிழங்குக்கு மேலால் மட்டும்தான் குளிர் இறங்கும், சட்டியில் நாலு பக்கத்தாலும் ஏறும், வலுவான வகையும் உறைந்து போகலாம். அதற்காக ஹீட்டர் ஓடுகிற அறைக்குள் கொண்டுவந்தால் குளிர் போதாமல் கெடும். சூடேற்றாத கராஜ், நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தின் ஒரு மூலை, தோட்டமுள்ள உறவினர் வளவில் சட்டியோடு புதைத்து வைப்பது, இந்த மூன்றில் ஒன்று. மண்ணை மாதம் ஒருக்கா தொட்டுப் பாருங்கள். தூளாக உலர்ந்திருந்தால் மட்டும் ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை அளவு தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம்.